தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய்

எங்கள் குப்பத்தில் படகு கரை சேர்ந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அப்பனின் கூடையைத் துழாவும். கடலுக்குப் போய் மிஞ்சி வந்த சோற்றுக்கும் தண்ணீருக்கும் தனி ருசி என்று நாங்களே சொல்லிப் பழக்கி வைத்திருக்கிறோம். என்ஜினுக்குப் போக மிச்சமான மண்ணெண்ணெயும் அதே கூடையில்தான் வரும். கரையில் விட்டால் திருடு போய்விடுமாம். அதுவும் எதில் வரும்? தண்ணீர் பாட்டிலில்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டே அவள் அப்பா வீட்டுக்குள் இறக்கி வைத்த கூடைக்குப் போனாள். நான் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். இருமல் கேட்டுத் திரும்பினால் பாட்டில் உருண்டு கிடக்கிறது. அவள் வாயெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "உப்பைக் கரைச்சு ஊத்துக்கா. வாந்தி எடுத்தா எல்லாம் வந்துரும்."

ஊற்றினேன். என் கையால்தான் ஊற்றினேன். வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சு இழுக்க ஆரம்பித்தது, உதடு நீலமானது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "வாந்தி எடுக்க வச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"குடிச்சதைவிட அதான்மா ஆபத்து. மேலே வரும்போது நுரையீரலுக்குள்ள போயிடும். வாயில எதையும் ஊத்தாம நேரா தூக்கிட்டு வந்திருக்கணும்."

நான்கு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். பிழைத்துவிட்டாள். அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே சண்டை. "நீ ஒயுங்கா பாத்துக்கினு இருந்தா இது நடக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்ணி பாட்டில்ல ஊத்தி எடுத்தாந்தது நானா?"

"கரையில வச்சா எவனாச்சும் அடிச்சுக்கினு பூடுவான்."

"பூடட்டும். புள்ள போறதுக்கு எண்ணெய் போவட்டும்."

உப்பு நீர் என் தப்பு. அதை மறைக்கமாட்டேன். பாட்டில் அவர் தப்பு. அதையும் விடமாட்டேன். கேனில்தான் எண்ணெய், கேனுக்குச் சங்கிலி, பூட்டு, அது படகோடு கிடக்க வேண்டும் என்றேன். மூன்று நாள் முறைத்துக்கொண்டே கடலுக்குப் போய் வந்தார். நான்காம் நாள் சங்கிலி வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் அவர் தம்பி கூடையோடு வந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"இன்னா அண்ணி, செக்போஸ்ட்டா?" என்று சிரித்தார்.

"ஆமா, செக்போஸ்ட்தான். கூடையத் தொற."

உள்ளே அதே மாதிரி பாட்டில், பாதி எண்ணெயோடு.

"கொஞ்சம்தான் அண்ணி இருக்குது."

"அவ குடிச்சதும் கொஞ்சம்தான்."

சிரிப்பு நின்றது. பாட்டிலை எடுத்துக்கொண்டு கரைக்கே திரும்பி நடந்தார். நான் அங்கேயே நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் தவழ்கிற பிள்ளை இருக்கிறது. அவள் வீட்டுக் கூடையைப் பார்க்கப் போனேன்.