பதினெட்டுப் பதவிகளும் ஓர் உறுப்பினரும்

அந்த ஃபிளெக்ஸ் பேனரில் பதினெட்டு முகங்கள் இருந்தன. செஞ்சியில் கல்லூரி வாசலுக்கு எதிரே நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில்தான் அது உருவானது. பிளஸ் டூவைப் பாதியில் விட்டவன் நான். எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கிறவர்களின் முகத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் வெள்ளையடித்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். முதுகலை மாணவர் சங்கத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். சேர்ந்தவர்கள் மொத்தமே பதினெட்டுப் பேர். யார் மனமும் நோகக் கூடாது என்று தலைவர் அத்தனை பேருக்கும் பதவி கொடுத்துவிட்டார். மூன்று துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், ஓர் இணைச் செயலாளர், கலை, நூலகம், செய்தித் தொடர்பு என்று பட்டியல் நீண்டது. “ஏண்ணா, தொண்டனே இல்லாம கட்சி நடத்தறீங்களே” என்று தலைவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தன் படத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

இந்தப் பதவிகளுக்கெல்லாம் என்ன வேலை என்று யோசித்த ஒரே ஆள் செயலாளர் அக்கா. தொண்டூரிலிருந்து வருவார், தமிழ் எம்.ஏ. அவருடைய நைனா கட்டட வேலைக்குப் போகிறவர். மகள் செயலாளர் ஆன அன்றே அந்த பேனர் படத்தைப் போனில் வாங்கி, வேலை செய்கிற இடத்தில் மேஸ்திரி வரைக்கும் காட்டிவிட்டாராம். அக்கா ஒரு நாள் மதியம் நோட்டோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பதவியின் பொறுப்பையும் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர் கூட்டத்தை நடத்துவார் என்றார். மூன்றாவது துணைத் தலைவருக்கு வேலை வர வேண்டுமென்றால் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். கடைசி வரி, உறுப்பினர். கேள்வி கேட்பதும் தீர்மானத்தை முன்மொழிவதும் அவர் வேலை. பதவியில் இருப்பவர் முன்மொழியக் கூடாது. பதவிக்காரர்கள் தங்கள் ஆசையைச் சங்கத்தின் ஆசையாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி. பதினெட்டுப் பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரி முதல்வரும் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வேதியியல் ஆய்வக வகுப்பை மாலைக்கு மாற்றினார்கள். முடிய ஐந்து மணி ஆகும். தளவானூர் பக்கம் போகிற பஸ்ஸோ நாலரைக்கே கிளம்பிவிடும், அடுத்தது ஏழு மணிக்கு. எம்.எஸ்சி. முதலாமாண்டு படித்த தளவானூர்ப் பெண்தான் இதில் மாட்டிக்கொண்டாள். சங்கத்தில் அவள் விளையாட்டுச் செயலாளர். ஓர் அமாவாசை அன்று பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்துக்குப் போய்விட, ஏழு மணி வண்டியும் வரவில்லை. அவள் வீடு போய்ச் சேர ஒன்பதாகிவிட்டது. வகுப்பு நேரம் மாறாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து காலேஜே வேண்டாம் என்று அவள் நைனா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை எல்லோரும் முதல்வரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் இரக்கப்பட்டார், ஆனால் வேதியியல் துறையிடம் பேசத் தன் கையில் ஒரு காகிதம் வேண்டும் என்றார். சங்கத்தின் விதிப்படி தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

தீர்மானத்தை டைப் அடிக்க என் கடைக்குத்தான் வந்தார்கள். எல்லாம் அடித்து முடித்து, “முன்மொழிந்தவர்” என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். பதவி இல்லாத ஒருவர் பெயர் வேண்டும். பதினெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பெயரைப் போட்டுவிடலாம் என்று தலைவர் யோசனை சொன்னார். நான் எந்த டிபார்ட்மென்ட், எம்.எஸ்சி. ஜெராக்ஸா என்று கேட்டேன். பொய் ஆளைப் போட்டால் காகிதமே செல்லாது என்று அக்கா முடித்துவிட்டார். துணைத் தலைவர்களில் யாராவது விலகலாமே என்றார். ஒருவருடைய பேனர் படம் கல்யாணப் பேச்சுக்காகப் பெண் வீட்டுக்குப் போயிருந்தது. இன்னொருவரின் அம்மா அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். மூன்றாமவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். அந்தப் பெண் தானே விலகிக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம், உன் காரியத்துக்கு நீயே முன்மொழிந்தால் விதியை எதற்கு எழுதினோம் என்றார் அக்கா. என் பேனாவை வாங்கினார். நிர்வாகிகள் பட்டியலில் தன் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

செயலாளர் இல்லாமல் சங்கத்தை யார் பார்ப்பது என்று தலைவர் பதறினார். “இணைச் செயலாளர்னு ஒருத்தரு இருக்காரு இல்ல, அவரு இன்னைக்காவது ஒரு வேல செய்யட்டும்” என்றார் அக்கா.

எல்லோரும் முதல்வர் அறைக்குக் கிளம்பினார்கள். அக்கா மட்டும் கடைசியாகப் போனார். எனக்கு அப்போது கிண்டல் வரவில்லை.

“நைனாகிட்ட இன்னா சொல்லுவ, அக்கா?”

என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். “பதினேழு பேரு பதவில கீறாங்க, உறுப்பினரு நான் ஒருத்திதான்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் மேஸ்திரிகிட்ட அவரு எப்புடி சொல்லிக்கிறாரோ, அது அவரு பாடு.”

திங்கட்கிழமை முதல் ஆய்வகம் காலைக்கு வந்தது. தளவானூர்ப் பெண்ணும் வந்தாள்.

அக்கா இப்போது பி.எட். படிக்க வெளியூர் போய்விட்டார். இந்த ஆண்டுச் சங்கப் பட்டியல் போன வாரம் என் கடைக்கு வந்தது. ஐந்தே பதவிகள், மீதி இருபத்து மூன்று பேரும் உறுப்பினர்கள். பேனரே வேண்டாமாம், நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு தாள் போதுமாம். ஒரு நல்ல ஆர்டரைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அக்கா. தளவானூர்ப் பெண் இரண்டாமாண்டு. அவளைத் தலைவராக நிற்கச் சொன்னார்களாம், மாட்டேன் என்றுவிட்டாள். பதவி இல்லாமல் வீட்டில் எப்படித் தலைகாட்டுவாய் என்று சீண்டினேன். “சும்மா இருண்ணா, எனக்கு வேல கெடக்குது” என்று சொல்லி ஒரு தாளை நீட்டினாள். முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்கப்போகும் கேள்விகள். பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்போது வரும் என்பது முதலாவது. மூன்று துணைத் தலைவர்கள் இருந்த காலத்தில் யார் வாயிலிருந்தும் வராத கேள்வி. அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.