கமிட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பழையகாயலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மத்தியானம் சாகுபுரத்தை விட்டுக் கிளம்பிய நடை அது. அங்கே ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் வேலை. முதலாளி நல்லவர். சோறும் நல்ல சோறு. ஆனாலும் கிளம்பிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கால்களைப் பற்றித் தெரியும்... அவை என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை.

ராத்திரி ஆத்தூர் பஸ் ஸ்டாப்பில் படுக்கை. சாப்பாடு இல்லை. இதில் சோகம் ஒன்றுமில்லை. சாப்பாடு என்பது எனக்கு டவுன் பஸ் மாதிரி. லேட்டாகும், ஆனால் வந்துவிடும்.

அன்று அது ஒரு அரசாங்க ஜீப்பில் வந்தது.

என்னைத் தாண்டிப் போன ஜீப், பிரேக் போட்டு ரிவர்ஸில் வந்து நின்றது. உள்ளே வேர்வையில் நனைந்த ஒரு அதிகாரி.

"வே, உமக்குத் தொண்டை எப்படி?"

"தண்ணி குடிச்சா நல்லாருக்கும் சார்."

"மீன் ஏலம் போடத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பரவால்ல, ஏறும். பிரியாணி உண்டு."

பிரியாணி உண்டு என்ற பிறகு தெரியாத வேலை என்று ஒன்று உலகத்தில் உண்டா? ஏறிவிட்டேன்.

அவரை முத்துசாமி சார் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள். ஏரல் பக்கம் ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர். நெல், வாழை, குளம் என்று வளர்ந்தவர். கடற்கரைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஜீப் போன வேகத்திலேயே கதையைச் சொல்லி முடித்தார்.

அந்தத் துறை ஒரு கடலோர ஊரில் மீன் ஏலக்கூடம் கட்டியிருந்தது. டைல்ஸ் தரை, தண்ணீர்க் குழாய், தலைக்கு மேல் ஃபேன். கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. காரணம்? திறப்பு விழா நடக்கவில்லை. ரிப்பன் வெட்ட வேண்டிய பெரியவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்களோ கூடத்துச் சுவருக்கு வெளியே, சுடுமணலில் உட்கார்ந்து மீன் விற்றார்கள். வெயில் ஏற ஏற மீன் கண் வெளுக்கும். கண் வெளுத்த மீனை யாரும் பாதி விலைக்குக்கூட வாங்குவதில்லை. சாவி கேட்டு நடந்து நடந்து அவர்களுக்குச் செருப்புதான் தேய்ந்தது.

இந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து பார்லிமென்ட் கமிட்டி. துறைகளுக்குக் கொடுத்த பணம் எப்படிச் செலவானது என்று நேரில் பார்க்க எம்.பி.க்கள் ஊர் ஊராக வருகிறார்கள். இந்தக் கூடத்தைப் பற்றி அவர்களுக்குப் போன குறிப்பில் 'தினசரிப் பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு புண்ணியவான் எழுதிவிட்டார். ஆகவே அன்று ஒரு மணி நேரமாவது பயன்பாட்டில் இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் முத்துசாமி சார் சஸ்பெண்ட்.

ஏற்பாடெல்லாம் பிரமாதம். ஒரே ஒரு தப்பு.

அன்று ஞாயிற்றுக்கிழமை.

இந்தக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குள் இறங்காது. ஊரே மாதா கோயிலில் பூசையில் இருக்கும். இது சாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் உறைத்திருக்கிறது. வள்ளம் இல்லை, மீன் இல்லை, ஏலம் போடும் ஆளும் இல்லை. ஆற்றங்கரைக்காரர் என்ன செய்வார்? மாமாவுக்குப் போன் செய்தார். மாமா ஊர்க்குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். நான் ஜீப்பின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கூடை கூடையாகக் கட்லாவும் ரோகுவும்!

"சார், இது குளத்து மீனுல்லா?"

"மீனுன்னா மீனுதான்வே. டெல்லிக்காரனுக்கு என்ன தெரியும்? சப்பாத்தி திங்கவன்."

நமக்கெல்லாம் இப்படி ஒரு நம்பிக்கை — டெல்லியிலிருந்து வருகிற அத்தனை பேரும் சப்பாத்திதான் தின்பார்கள் என்று!

கூடத்தில் டிரைவரும் பியூனும் லுங்கி கட்டிக்கொண்டு மீன் வியாபாரிகளாக நின்றார்கள். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏலக்காரன் ஆனேன். அதற்குள் பூசை முடிந்துவிட்டது. பட்டுச் சேலையும் ஜெபமாலையுமாக வந்த பெண்கள் கூடத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"ஏளா, கதவு தொறந்து கெடக்கு!"

முன்னால் வந்தவர் ரோஸ்மேரி அக்கா. சாவிக்காக அதிகம் நடந்தவர் அவர்தான். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இது எந்த வள்ளத்துல வந்துச்சு? தாமிரபரணியில இருந்து வள்ளம் விடுதியளோ?"

சார் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, தெனமும் நடக்குன்னு எங்க ஆபீசுல டெல்லிக்கு எழுதிக் குடுத்துட்டாவ. ஒரே ஒரு மணி நேரம். வாங்குத மாதிரி சும்மா நில்லுங்க. என் வேலை போயிரும்."

"எங்க மீனு வெயில்ல போவுதே சார், அதுக்கு யாரைக் கும்பிட?"

என்று கேட்டவர், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றார்.

கார்கள் வந்தன. தலைமை தாங்கிய அம்மையாருக்குத் தலை முழுக்க நரை. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், இன்னும் நாலைந்து எம்.பி.க்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு விலையைக் கத்தினேன்.

இங்கேதான் ஒரு விஷயம். ஆயுசு முழுக்க ஏலம் கேட்டவர்களுக்கு, கேட்கிற மாதிரி நடிக்க வருமா? ஒருத்தி விலையைக் கூட்டினாள். அடுத்தவள் இன்னும் கூட்டினாள். "ஏளா, என் கூடையில கை வைக்காத!" என்று நிஜமாகவே சண்டை கிளம்பியது. நானும் நிஜமாகவே சூடாகிவிட்டேன்.

சார் என் காதோரம் வந்தார். "வித்துராதீம்வே! மாமாவுக்குத் திருப்பிக் குடுக்கணும்!"

அப்போதுதான் நாட்டின் கிழக்குப் பக்கத்து எம்.பி. ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நல்ல பருமன். ஆறும் குளமுமான தேசத்துக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. கூடையிலிருந்து ஒரு மீனை இரண்டு கையாலும் தூக்கினார். தொலைந்துபோன மச்சானை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

"ரோகு!"

பிறகு கடலைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். சாரைப் பார்த்தார்.

"கடலில் ரோகுவா?" மொழிபெயர்ப்பாளரே தேவைப்படவில்லை.

சார் வாயைத் திறந்தார், மூடினார். கூடையில் கிடந்த கட்லாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

ரோஸ்மேரி அக்கா முன்னால் வந்தார்.

"அம்மா, ஞாயித்துக்கிழம எங்க ஆளுவ கடலுக்குப் போவ மாட்டாவ. நீங்க வெறுங்கூடத்தப் பாத்துட்டுப் போவக் கூடாதுன்னு சாரு அவுக ஊரு மீனக் கொண்டாந்துட்டாவ. பாசக்காரரு."

அம்மையார் சிரிக்கவில்லை. "தினமும் இது திறந்திருக்கிறதா?" என்று கேட்கச் சொன்னார்.

அக்கா சாரை ஒரு பார்வை பார்த்தார். சாரின் வேலை அந்த நிமிடம் அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. இவ்வளவு நாள் வெயிலுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் கணக்குத் தீர்த்திருக்கலாம்.

"நாளைக்குத் திங்கக்கிழம. காலையில வந்து பாருங்கம்மா. எங்க கடல் மீனோட தொறந்து கெடக்கும். சாரே தொறந்து வைப்பாவ. என்ன சார்?"

"ஆ... ஆமா" என்றார் சார். வேறு என்ன சொல்வார்?

"விமானத்துக்கு முன்னால் வந்து பார்க்கிறோம்" என்றார் அம்மையார். ரோகு எம்.பி. மனசில்லாமல் மீனைக் கீழே வைத்தார்.

எனக்குப் பிரியாணி வந்தது. சார் சாப்பிடவில்லை. அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை விடியும்போதே கூடம் நிறைந்துவிட்டது. சாளை, சீலா, ஊளி என்று வந்து குவிந்தன. நிஜமான ஏலக்காரர் வந்ததும் நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். வெயில் ஏறியது. ஒரு மீனுக்கும் கண் வெளுக்கவில்லை. கமிட்டிதான் வரவில்லை. நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்களாம். சாருக்குப் போனில் சேதி வந்தது. பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா... கமிட்டி வரலையாம். திறப்பு விழா வேற இன்னும்..."

"வரலேன்னா என்ன சார்? நாளைக்கு வந்தாலும் வருவாவ. அடுத்த மாசம் திடீர்னு வந்து நின்னாலும் நிப்பாவ. நாங்க தெனமும் இருந்தாத்தான உங்களுக்கு நல்லது?"

"அதுக்கில்ல அக்கா..."

"தெனமும் நடக்குன்னு எழுதிக் குடுத்தது உங்க ஆபீசுல்லா? நாங்களா எழுதுனோம்?"

சார் பூட்டை ஜீப்புக்குள் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வே, தரையைக் கழுவ ஒரு ஆள் வேணும். இருப்பீரா?"

அன்று காலையே சேர்ந்துவிட்டேன். டைல்ஸ் முழுக்கச் செதில், ரத்தம், வழவழப்பு. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன்... நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது.

மீன் ஏலக்கூடத்துக்குக் கொடுத்த பணம் ஒழுங்காகச் செலவாகியிருக்கிறதா என்று பார்க்க ஃபைல் எதற்கு? மூக்கு போதும்!