இறந்தவர் சிரித்த காட்சி

என் தாய்மாமா திரையில் முதன்முதலாக வாய் திறந்து பேசியது ஒரு தொலைக்காட்சித் தொடரில். சில வாக்கியங்கள் பேசி முடித்த கையோடு இறந்துபோகிற வேடம் அது. அவரை இன்று காவல்துறை அதிகாரியாகவும் கதாநாயகிகளின் தந்தையாகவும் பார்த்துப் பழகியவர்கள் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

அப்போது அவர் காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் விற்பனையாளர். வாங்க வந்தவர்கள் தயங்கினால், புடவையைத் தம் தோளிலேயே போட்டு முந்தானையை விரித்து, மணப்பெண்ணாகத் தலைகுனிந்து நிற்பார். அடுத்த புடவைக்கு மாமியாராக நிமிர்வார். தொடருக்குப் புடவை எடுக்க வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்தார். கதாநாயகியின் கணவர் வேடம். திருமணமான சில நாளிலேயே விபத்தில் இறந்து, அதன்பின் தொடர் முடியும்வரை மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்க வேண்டும்.

அம்மா கூடாது என்றுவிட்டாள். மாமாவை வளர்த்தவள் அவள்தான். அவள் சொல்லை அவர் மீறியதில்லை. கல்யாணமாகாத பிள்ளை பிணமாகப் படுப்பதும், அதை ஊரே உட்கார்ந்து பார்ப்பதும் அவளுக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை. மாமா வாதாடவில்லை. ஆனால் கடையில் இப்போதெல்லாம் புடவையை மெத்தைமேல் விரித்துக் காட்டுவதோடு சரி, தோளில் போடுவதே இல்லை என்று அப்பா வந்து சொன்னார். அன்று மாலை மாமா ஒரே ஒரு முறை கேட்டார்.

"இப்ப போவலன்னா இன்னொரு தபா யாரும் கூப்புட மாட்டாங்கக்கா."

அம்மா முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கி முடித்தாள். பிறகு, "நானும் வரேன். நடக்கறது என் எதிருலயே நடக்கட்டும்" என்றாள்.

பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் அழைத்துப் போனார்கள். நகருக்கு வெளியே வாடகைக்கு எடுத்திருந்த பெரிய வீட்டில் படப்பிடிப்பு. மாமாவின் உதடுகளை வெளுக்க வைத்து, மூக்கில் பஞ்சடைத்து, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிந்து, கூடத்தின் நடுவே கிடத்தினார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், வலித்தது.

நடிகை உள்ளிருந்து ஓடிவந்து அவர் மார்பின்மேல் விழுந்து கதறினார். அவருடைய பட்டு முந்தானை மாமாவின் இடுப்புப் பக்கம் கசங்கி மடிந்து கிடந்தது. பிணத்தின் வலக்கை மெல்ல அசைந்தது. இரண்டு விரல்களால் ஜரிகை ஓரத்தைப் பிடித்து, மடிப்பை நீவி, சீராக விரித்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பியது.

உதவி இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், நீங்க செத்துட்டீங்க சார். புடவைய அவங்க பாத்துப்பாங்க."

"கை தானா போய்டுச்சிபா" என்றது பிணம்.

கூடமே சிரித்தது, அம்மாவைத் தவிர. காட்சியை மறுபடி எடுத்ததால் அவள் அந்தச் சாவை இரண்டாம் முறையும் பார்க்க வேண்டியதாயிற்று. இம்முறை மாமா கிடந்த கிடப்பைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

காட்சி முடிந்தும் ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். பிணமாகப் படுத்தவரை அந்தக் கோலத்திலேயே படம்பிடித்து முடிக்கக் கூடாது, கடைசியாக உயிரோடு சிரிக்கிற முகம் பதிவாக வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் வழக்கம். மாமா கண்ணைத் திறந்தார். ஆனால் அவர் பார்வை கேமராவைத் தாண்டி, பின்னால் அழுதுகொண்டு நின்ற அம்மாவின்மேல் விழுந்தது. உதடு கோணியது, சிரிப்பு வரவில்லை. இவர் சிரிக்காமல் நிறுத்த மாட்டேன் என்றார் ஒளிப்பதிவாளர். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அம்மா என் கையை விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சிரிடா. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன். சிரிச்சிட்டு எழுந்து வா."

மாமா சிரித்தார். மூக்கில் இருந்த பஞ்சு தெறித்து விழ, தும்மலும் சிரிப்புமாக எழுந்து உட்கார்ந்தார். அம்மா நின்ற இடத்திலேயே தரையில் அமர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு தொலைக்காட்சியில் வருமென்று தோழிகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒளிபரப்பான அன்று எங்கள் தெருப் பெண்கள் வீட்டில் கூடி அழுதார்கள். நடிகையின் கதறலோடு காட்சி முடிந்துவிட்டது. சிரிப்பு எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "அது டிவில வராதுமா" என்றாள். அத்தனை பேரில் கண் கலங்காமல், முகத்தைத் திருப்பாமல், முழுக்கப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். எத்தனை கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தாத்தா இறந்தபோது அம்மாவுக்கும் அன்றைய என் வயதுதான் இருக்கும் என்பதை, நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் அறிந்தேன். கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்கிப் போகும்வரை தலைமாட்டை விட்டு நகராமல் நின்றிருந்தாளாம். தன் அப்பா எழுந்துவிடுவார், யாரும் அவசரப்பட வேண்டாம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாளாம். தம்பிக்குக் காவலாகத்தான் அவள் படப்பிடிப்புக்கு வந்தாள் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படிக் கிடத்தப்பட்ட ஒருவர் எழுந்து வருவதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள் என்பது, திரும்பும் பஸ்ஸில் அவள் மடியில் படுத்துத் தூங்கிப்போன எனக்குத் தெரியாது.