கில்ட்டின் பின்மடிப்பு

ஊரில் சொன்னால் சிரிப்பீர்கள். கடல் தாண்டி இந்தத் தீவில், டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் போன மாதம் பதினோரு ஆண் பாவாடைகள் தொங்கின. ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட கம்பளிக் கில்ட். பள்ளியின் பேக்பைப் குழுவுக்காக, தென்கோடித் தீவின் கேம்பல் பேயிலிருந்து வந்து தங்கிப் பயிற்சி தரும் ஓய்வுபெற்ற பஞ்சாபி ஹவில்தார் தைக்கக் கொடுத்தவை.

சங்கரன்கோவிலில் நான் ரவிக்கை தைத்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடமாகியும் என் இந்தி அரைகுறைதான். “பெஹன்ஜி, பீச்சே லைன் ஏக் ஹோனா சாஹியே” என்று அவர் போனில் சொன்னபோது, பின்பக்கம் கட்டம் அறுபடாமல் ஒன்றாக ஓட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். மடிப்புக்கு மடிப்பு கட்டத்தைப் பொருத்தித் தைத்தேன். அவசரம் வேறு. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குள் போய்ச்சேர கப்பல் டிக்கெட் எடுத்திருந்தேன்.

புறப்பட மூன்று நாள் இருக்கையில் ஹவில்தார் வந்தார். புரட்டிப் பார்த்தவர் முகம் வாடிவிட்டது.

“யே தோ சிவிலியன் வாலா ஹை.” இது சிவிலியன் உடுத்துவது என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சிவிலியன் தன் குடும்பத்துக்கோ ஊருக்கோ உரிய கட்டத்தை உடுத்துவான். பின்னாலும் அது முழுசாகத் தெரியும். சிப்பாய்க்குப் படைப்பிரிவு கொடுத்ததுதான் கட்டம். ஒவ்வொரு மடிப்பிலும் அதே ஒரு கோடு மட்டும் தெரிய வேண்டும். அந்த ‘ஏக் லைன்’ இதுதான்.

மூலையில் என் பெட்டியைப் பார்த்தார். “ஜஹாஜ் ஹை? தோ ஆப் ஜாயியே” என்றார். கப்பல் இருக்கிறதென்றால் நீங்கள் கிளம்புங்கள் என்று கில்ட்களை அவரே மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கடல் சரியில்லையென்று கப்பல் ரத்து. அடுத்தது பத்து நாள் கழித்து. விமானத்தில் இடமில்லை. கல்யாணமான புதிதில், ஜன்னலைத் திறந்தால் கடல் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். அன்று திரையை இழுத்து மூடிவிட்டுத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். யார்மேல் கோபமென்று தெரியாமல் பதினொன்றையும் பிரித்து, மடிப்புக்கு ஒரு கோடு தெரிய மறுபடி தைத்தேன்.

பேக்பைப் குழுவின் ஒத்திகை நாளன்று காலை, பள்ளி மைதான ஓரத்தில் நிற்கையில் தங்கை அழைத்தாள். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சிட்டுக்கா. அம்மாட்ட பேசு.”

பேக்பைப் முழங்கியது. பிள்ளைகள் திரும்பி நடந்தார்கள். பதினோரு முதுகுக்குக் கீழே ஒரே சிவப்புக் கோடுகள் அசைந்தன.

“என்னட்டி, நையாண்டி மேளம் கேக்கு?” அம்மாவுக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. “கோயில் கொடைக்கு வந்துட்டியா?”

“ஆமாம்மா, வந்துட்டேன்” என்று சொல்லி, போனை மைதானத்தை நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.