காப்புக் கட்டிய கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்கு என்ன எழுத வரும் என்ற பயம் ஒன்று. சம்பந்தப்பட்டவர்கள் நல்லபடியாக இருக்கும்போது பழையதைக் கிளறுவானேன் என்ற யோசனை ஒன்று. இன்று அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐம்பதுகளின் கடைசியில் ஊருக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது, ஒரு நர்சம்மாவும் வந்தார்கள். மீமிசல் பக்கம் பிறந்தவர்கள். நல்ல கைராசி. ஆனால் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. தினமும் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் திரும்புவார்கள். அந்த பஸ் போன பிறகு வலி கண்டவளுக்கு அம்மன்தான் துணை.

ஊரில் வீடு இல்லாமல் இல்லை. எங்கள் மாமனார் கட்டிய இன்னொரு வீடே எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்தது. நர்சம்மா எங்கே போய்க் கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சொந்த ஊர்ல எந்தத் தெருங்க?" எங்கள் பக்கம் சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தெருவைக் கேட்டால் போதும். அவர்களும் மறைக்க மாட்டார்கள். "சேரிங்க" என்பார்கள். உடனே அந்த வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டி வந்துவிடும், இல்லாவிட்டால் மகள் பிரசவத்துக்கு வரப்போவதாக இருக்கும். அந்தப் பிரசவத்தைப் பார்க்கப்போவதும் இவர்கள்தான்!

நான் அப்போது மாசமாக இருந்தேன். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. என்னைப் பார்க்கும்போது அவர்களே சொன்னார்கள்: "திருவிழா முடிஞ்சதும் மாத்தலுக்கு எழுதிப் போடப்போறேங்க. பஸ்ஸுலயே ஆயுசு போயிரும்போல." பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கொடுக்கலாமே என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் திருவிழாவில் படிப்பகத்துப் பிள்ளைகள் இதையே ஒரு நாடகமாகப் போட்டார்கள். பெயரே 'எந்தத் தெரு?' நர்சுக்கு வீடு தர மறுக்கும் வீட்டுக்காரர், மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி அந்த நர்சே காப்பாற்றியதும் மனசு மாறிச் சாவியைக் கொடுப்பார். குரல் பெரிசு என்பதால் எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் அந்த வீட்டுக்காரர் வேஷம். பள்ளிக்கூட வாத்தியார் சேலை கட்டி நர்சாக வந்தார். நிஜ நர்சம்மா பார்த்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று வெயில் தாழவே ஆரம்பித்தார்கள்.

கடைசிக் காட்சியில்தான் வினை. அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய சாவிமேல் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்துவிட்டார். அது இரண்டாக மடிந்துபோயிற்று. எங்கள் வீட்டுக்காரர் இடுப்பைத் தடவி, பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் சாவியையே உருவினார். கைதட்டல் கேட்ட உற்சாகத்தில், எழுதிக் கொடுக்காத வசனத்தையும் பேசிவிட்டார். கோயில் பக்கம் கையைத் தூக்கி, "அம்மன் சாட்சியா நர்சம்மாவுக்கு வீட்டக் குடுத்துட்டேன்!" என்றார்.

பபூன் வேஷக்காரர் அந்தக் கையைப் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"ஐயா, சாவிதான் நெசம்னு பாத்தேன். இந்தக் காப்பு? நாடகக் காப்பா, நெசக் காப்பா?"

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்பென்று அடங்கியது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவர்களில் அவரும் ஒருவர். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது, சொன்ன சொல் மாறக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். "ராசா வேசம் போட்டவன் மறுநா வரி கேட்டு வருவானாடா? விடு, வெளையாட்டுப் பேச்சு" என்றார்.

"அதானேண்ணே" என்றார் இவர்.

பெரியவர் எதிரே பேசுகிறவள் இல்லை நான். அன்றைக்குப் பேசினேன். "ஏங்க, சாவிய அட்டையில செஞ்சாக. காப்பையுமா அட்டையில செஞ்சாக? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு, அம்மனுக்குச் சொன்னத இல்லேன்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே போய் நின்றார். நானும் கூடப் போனேன். நர்சம்மா இறங்கியதும் சாவியை நீட்டினார். அவர்கள் வாங்கவில்லை.

"எனக்குக் குடுக்குறீங்களா, காப்புக்குக் குடுக்குறீங்களா?"

"காப்புக் கட்டிட்டுச் சொல்லிட்டேங்க."

"அவுத்தப்புறம்?"

அவர்களே அடுத்ததையும் கேட்டார்கள்: "கொல்லையில கெணறு இருக்குல்ல? அதுல நானே எறைச்சுக்கலாமா, இல்ல யாராச்சும் ஊத்துற வரைக்கும் கொடத்தோட நிக்கணுமா?"

இதை நாங்கள் இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை. அந்தக் கிணற்றில்தான் அவர் அண்ணன் வீட்டுக்கும் தண்ணீர். இவர் சாவியை மறுபடி நீட்டினார்.

"வீடுன்னா கெணறும் சேந்ததுதானேங்க."

"சரிங்க. காப்ப அவுத்துட்டு வந்து இதையே சொல்லுங்க. அப்ப வாரேன்."

மீதித் திருவிழா முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. "கெணத்தத் தொட விட்டா நாங்க அங்கிட்டு வேற கெணறு வெட்டிக்கிருவோம். ஒன் வாசப்படி மிதிக்க மாட்டோம்" என்றார் அண்ணன். நான் இவரை அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கோயிலுக்குப் போய் நின்று அழுதுவிட்டு மட்டும் வருவேன்.

திருவிழாக் கடைசி நாள் மஞ்சத் தண்ணி ஆடி, காப்பு அவிழ்ந்தது. மறுநாள் குளித்து, திருநீறு பூசி, அவராகவே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வெறுங்கையைக் காட்டி, "வீடும் ஒங்களுக்கு, கெணறும் ஒங்களுக்கு" என்றாராம். திரும்பி வரும்போது இடுப்பில் சாவி இல்லை.

அண்ணன் சொன்னபடியே வேறு கிணறு வெட்டினார். ரொம்ப நாள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. நர்சம்மா குடிவந்து தன் கையாலேயே இறைத்துக்கொண்டார்கள். கடைசி பஸ் போன பிறகுதான் எனக்கு வலி கண்டது. கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள். பிள்ளை தங்கியது.

இப்போது ஊரில் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். நாடக மேடையில் அவர்மேல் அம்மன் இறங்கி வீட்டைக் கொடுக்கச் சொன்னாள் என்கிறார்கள். அவள் அருளில்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு யார்மேலும் யாரும் இறங்கவில்லை. அவர் போனது காப்பை அவிழ்த்த பிறகு, தன் புத்தியோடு. கிணற்றைக் கேட்டு வாங்கியது அந்த நர்சம்மா. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சாமியாடினதாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள், கிணற்றையும் விட்டுவிடாதீர்கள்.