பதினொன்றரைக் குதிரைகள்

1. முதல் ஹயர்

நெடுந்தீவில் ஓட்டோ ஓட்டி ஊர் சுற்றிக் காட்டும் தொழிலை நான் தொடங்கிய நாளில் என் மானத்தைக் காப்பாற்ற ஒரு குதிரைகூட வரவில்லை.

ஓட்டோவின் பின்பக்கத்தில் பெரிதாக ஒரு குதிரைப் படம் ஒட்டி வைத்திருந்தேன். குறிகட்டுவானிலிருந்து காலைப் போட்டில் வந்து மாவிலித்துறை ஜெட்டியில் இறங்கிய ஒரு வவுனியாக் குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் ஓட்டோவை ஹயருக்குப் பிடித்தது. காலைப் போட்டில் வருகிறவர்கள் பின்னேரப் போட்டில் திரும்பியாக வேண்டும். நடுவில் கிடைப்பது நாலு மணித்தியாலம். அதற்குள் தீவு முழுவதையும் காட்டி, சோறும் கறியும் சாப்பிட வைத்து, திரும்பக் கொண்டுவந்து ஜெட்டியில் விட வேண்டும்.

தீவின் காட்டுக்குதிரைகள் மேயும் வெளிக்கு அன்றைக்கு இரண்டு முறை போனோம். கானலைத் தவிர வேறெதுவும் அங்கே அசையவில்லை. ஜெட்டியில் இறங்கும்போது அந்த வீட்டு அம்மா ஓட்டோவின் பின்பக்கத்தைக் காட்டினார்.

“அண்ணை, இதோடை சேத்து இண்டைக்கு ஒரு குதிரை பாத்திட்டம்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

2. நித்திரையில் வந்து இறங்குகிறவர்கள்

இந்தத் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் கடந்து வருகிற ஆட்கள் பாதி நித்திரையில்தான் வந்து இறங்குவார்கள். ஒரு மணித்தியாலம் எஞ்சின் சத்தத்தையும் டீசல் மணத்தையும் வாங்கிக்கொண்டு, தண்ணீரில் வெயில் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். நிலத்தில் கால் வைத்த பிறகும் அவர்களுக்குள்ளே போட் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அவர்களிடம் வேகமாக எதையும் சொல்லக்கூடாது. வேகமாக ஓட்டவும் கூடாது.

நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். இரண்டு பக்கமும் கடல் பவளப்பாறையான முருகைக்கல்லில் எழுப்பிய மதில். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை, கல்லின் மேல் கல் சும்மா இருக்கும். கற்களுக்கு இடையில் உள்ள ஓட்டைகளால் கடல்காற்று வந்து போகும். மதில் முடிய பனை, பனை முடிய வெளி, வெளி முடிய வெள்ளையாக ஒரு வானம். கொஞ்ச நேரத்தில் பின்சீற்றில் பேச்சு நின்றுவிடும். கண்ணாடியில் பார்த்தால் எல்லோரும் விழித்தபடி கனவு காண்கிற மாதிரி இருப்பார்கள். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத அந்த இரண்டு கட்டைத் தூரத்தைத்தான் நான் நன்றாகக் காட்டினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. இடிந்த கோட்டை, புறாக்கூடு, ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய பெருக்கமரம், பாறையில் பதிந்த பெரிய பாதம், வளருகிற கல். கல் உண்மையாகவே வளருகிறதா என்று கேட்பார்கள். “நான் அளந்து பாக்கேல்லை. இருந்து அளக்கிறதெண்டால் பின்னேரப் போட்டை விட வேணும்” என்பேன். ஒருவரும் இருந்ததில்லை.

கோட்டையும் மரமும் கல்லும் இருந்த இடத்திலேயே நிற்கும். மட்டக்குதிரை மட்டும்தான் நடக்கும். ஆட்கள் கடல் கடந்து வருவதும் அதைப் பார்க்கத்தான். இதுதான் எனக்கு வாய்த்த தலையிடி.

3. தொட்டி

தெற்கே போகும் தெருவோரம் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி கிடந்தது. ஊரில் மாடு வளர்க்கிற பூமணி அக்காவின் தகப்பன் மாடுகளுக்குக் கட்டியது. அக்கா பிறகு மாடுகளைத் தீவின் மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார். தொட்டி காய்ந்துபோய் ஓணான் படுக்கிற இடமாக இருந்தது.

கோடையில் ஒரு நாள், சாராப்பிட்டிக் கிணற்றில் அள்ளிய தண்ணீரை நாலு பிளாஸ்டிக் கானில் ஏற்றிக்கொண்டுபோய் அதில் ஊற்றினேன். காலை பதினொரு மணி இருக்கும். மூன்றாம் நாள் தொட்டியடியில் குளம்படி கண்டேன். ஒரு கிழமை கழித்து, நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பெண்குதிரை தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது. மாதம் முடிவதற்குள், நான் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர, சரியாகப் பதினொன்றரைக்கு வெள்ளைநெற்றிக்காரி முன்னே வர, பின்னால் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் வரத் தொடங்கின.

அந்தக் காட்சியைச் சொல்லத்தான் வேண்டும். வெளி முழுவதும் வெயில் தண்ணீர் மாதிரி நெளிந்துகொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து முதலில் கால் இல்லாத உடம்புகள் மிதந்து வரும். பிறகு கால்கள் முளைக்கும். பிறகுதான் சத்தம் கேட்கும். பின்சீற்றிலிருந்து யாராவது என் தோளைத் தொட்டுக் கேட்பார்கள்.

“அண்ணை, நீங்கள் கூப்பிட்டா வருங்களோ?”

“அதுகளுக்கு என்னைத் தெரியும்” என்பேன்.

சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். ஜெட்டியில் மற்ற ஓட்டோக்காரர் என்னைக் குதிரைச் சேவியர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிக்குத்தான், ஆனாலும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் முதல்நாளே போன் எடுத்துப் பதினொன்றரைக்கு இடம் கேட்டார்கள்.

பூமணி அக்கா ஒரு நாள் சைக்கிளில் போகிறபோது இறங்கி நின்று பார்த்தார். அவர் மாட்டோடு வளர்ந்த மனுசி, சாமானியத்தில் எதையும் மெச்சமாட்டார்.

“முந்தி உதுகள் தெற்குக் கரைக் கேணியிலை எல்லோ குடிக்கிறது?”

“அங்கை பாசித் தண்ணி அக்கா. இது நல்ல தண்ணி.”

“பாசித் தண்ணியெண்டாலும் அது வத்தாது.”

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

4. சோழகம்

அடுத்த ஆண்டு வெள்ளைநெற்றிக்காரி ஒரு குட்டி போட்டாள். உடம்பைவிடக் கால் நீளமான குட்டி. அதைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது.

அந்த ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று பிடித்து அடித்தது. கடல் வெள்ளையாக எழும்பியது. போட் ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். முதல் நாள் எனக்கு உண்மையில் சந்தோசம்தான். மாதக்கணக்காக ஓய்வில்லை. பனைகள் முழுநாளும் இரைந்துகொண்டிருந்தன. நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். எழும்பினால் சோறு, சாப்பிட்டால் நித்திரை. போட் வராத தீவில் நேரத்துக்குப் பெயர் கிடையாது. காலையா பின்னேரமா என்று தெரியாத ஒரு மங்கல் வெளிச்சத்தில் நாலு நாள் மிதந்துகொண்டிருந்தேன். கனவில்கூடக் குதிரைகள் வந்தன. கால் இல்லாமல், சத்தமில்லாமல்.

தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற நினைப்பு அந்த நாலு நாளில் ஒரு தரம்கூட எனக்கு வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆட்கள் வராத நாளில் காட்சி இல்லை, காட்சி இல்லாத நாளில் தண்ணீர் எதற்கு. என் புத்தி அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் மத்தியானம் பூமணி அக்கா வந்து படலையைத் தட்டினார். காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்து வந்த முகம்.

“சேவியர், நீர் இஞ்சை படுத்துக் கிடக்கிறீர். உம்மடை குதிரை தொட்டியடியிலை நிக்குது.”

“எத்தினை நிக்குது அக்கா?”

“ஒண்டுதான் நிக்குது. குட்டி விழுந்து போச்சு.”

5. மதிலுக்குப் பின்னால்

கான்களை ஏற்றிக்கொண்டு ஓடினோம். மற்றக் குதிரைகள் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தெற்குக் கேணிக்குப் போய்விட்டன என்று குளம்படிகளைப் பார்த்து அக்கா சொன்னார். அவ்வளவு தூரம் குட்டி நடக்காது. அதனால் தாயும் போகவில்லை. தொட்டியின் உள்பக்கம் சீமெந்து ஈரமாக மினுங்கியது. நக்கியிருக்கிறாள்.

நான் தண்ணீரை ஊற்றினேன். தாய் வரவில்லை. குட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று காதைப் பின்னால் மடித்தாள். நான் சீலைத்துண்டை நனைத்துக்கொண்டு கிட்டப் போகப் பார்த்தேன். அவள் மண்ணை உதைத்தாள். அதுகளுக்கு என்னைத் தெரியும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

“விடும். வாரும் இஞ்சாலை” என்றார் அக்கா. “நாங்கள் நிண்டா அவள் குடியாள். அவள் குடிச்சாத்தான் குட்டிக்குப் பால்.”

“பாக்காமல் எப்பிடி அக்கா?”

“பாத்து என்ன செய்யப் போறீர்?”

இருவரும் முருகைக்கல் மதிலுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினோம். காட்டுவதும் பார்ப்பதுமே தொழிலாக இருந்த நான் பின்னேரம் முழுவதும் ஒன்றையும் பார்க்காமல் இருந்தேன். காற்று கற்களுக்குள்ளால் ஊதியது. கொஞ்ச நேரத்தில், அவள் குடிக்கிற சத்தம் கேட்டது. நீண்ட நேரம் குடித்தாள். பிறகு மூக்கால் மெல்லக் கூப்பிடுகிற ஒரு சத்தம். மறுபடியும். மறுபடியும். பதில் சத்தம் ஒன்றுக்காக என் உடம்பு முழுவதும் காதாக இருந்தது.

விடியப் போய்ப் பார்த்தபோது குட்டி செத்திருந்தது.

அன்று காற்று விழுந்துவிட்டது. போட் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் முன்கூட்டியே போன் எடுத்திருந்தது. நான் ஏன் போனேன் என்று தெரியாது. அவர்களை ஏற்றிக்கொண்டு பழக்கத்தில் தெற்கு ரோட்டில் திரும்பிவிட்டேன். குட்டியை அக்கா ஏற்கெனவே மணலில் தாட்டு மூடியிருந்தார். கானலுக்குள் வெள்ளைநெற்றிக்காரி தனியே நின்றாள். பின்சீற்றில் இருந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார்.

“சொன்ன மாதிரி சரியாப் பதினொண்டரைக்கு வந்திட்டுது. எவ்வளவு வடிவு.”

“அது வரேல்லை அம்மா” என்றேன். “போகாமல் நிக்குது.”

ஓட்டோவை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக ஒரு கதையையும் கூட்டாமல் சொன்னேன். அந்த அம்மா படம் எடுக்கவில்லை.

6. பேசின்

அதன் பிறகு செய்தது எளிய வேலைதான், வெள்ளைநெற்றிக்காரியை மெல்ல மெல்லத் தெற்குக் கேணிக்குத் திருப்புவது. தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். வாய் அகன்ற ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினை வாங்கி, தொட்டியிலிருந்து நூறு பாகத் தூரம் தெற்கே வைத்து அதில் ஊற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தெற்கே. ஓட்டோ போகாத கல்லுப் பாதை வந்ததும் கானைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். நேரமும் ஒரே நேரமாக வைக்கவில்லை. ஒரு நாள் விடிய, ஒரு நாள் பொழுதுபட. ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

அவள் பேசினைத் தேடிப் போய்க் குடித்தாள். குடித்துவிட்டு, பதினொன்றரைக்குத் தொட்டியடிக்குத் திரும்பி வந்து நின்றாள். ஒவ்வொரு நாளும் வந்தாள். பேசின் கேணிக்குக் கூப்பிடு தூரத்தில் வந்த பிறகும் வந்தாள்.

“குட்டி விழுந்த இடம். கால் அங்கைதான் போகும். மாடும் உப்பிடித்தான்” என்றார் அக்கா. “எத்தினை நாளைக்கு எண்டு சொல்ல ஏலாது.”

எனக்கு ஹயர் ஓட்டம் குறைந்தது. கேணிக்குப் போய்வர நாலு மணித்தியாலம் காணாது. குதிரை காட்டாத குதிரைச் சேவியர் என்று ஜெட்டியில் புதுப் பகிடி கிளம்பியது. அது எனக்குச் சுட்டது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகளே, உங்களிடம் ஆட்கள் குதிரை வருமா என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாது என்றால் ஆட்கள் கோபிப்பார்கள் என்று நான் பயந்தேன். அப்படி இல்லை. தெரியாது என்று சொன்னால்தான் அவர்கள் வெளியைக் கண் திறந்து பார்க்கிறார்கள். இருக்கிறதைக் காட்டுவது எங்கள் வேலை. வரவைப்பது எங்கள் வேலை இல்லை.

பேசின் கேணிக் கரையைச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு தம்பதியை ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டால் போனேன். பதினொன்றரை. தொட்டியடியில் ஓட்டோவை நிறுத்தி இறங்கினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. வெளி முழுவதும் வெயில் நெளிந்தது. அதற்குள் ஒன்றும் மிதக்கவில்லை. நான் பன்னிரண்டு மணிவரை நின்றேன். வெள்ளைநெற்றிக்காரி வரவில்லை, கேணியடியில் மற்றக் குதிரைகளோடு நின்றுவிட்டாள்.

“அண்ணை, இஞ்சை என்ன பாக்கிறது?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“வடிவாப் பாருங்கோ பிள்ளை” என்றேன். “ஒருத்தரும் இல்லை.”

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு காலத் தொழிலில் நான் ஆட்களுக்குக் காட்டி மனம் நிறைந்தது அந்த வெறும் வெளியைத்தான்.