முன்வாசல் விலாசம்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படிக்கும்போது நீங்களாகக் கண்டுபிடித்து, இவன் என்ன இப்படி இருக்கிறான் என்று புத்தகத்தை மூடிவிடக்கூடாது பாருங்கள். அதுவும் சாதாரண மடையன் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். ஊரார் விலாசத்தையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் திருத்திக் கொடுத்துவிட்டுச் சொந்த விலாசத்தில் கோட்டைவிட்டவன்.

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் நடந்தது. கொரியர் என்கிற சமாச்சாரம் அப்போதுதான் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்தது.

நான் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டில். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு வீதியில் இருக்கும், பின்வாசல் அடுத்த வீதியில் இருக்கும். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும். முன்னால் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது. வீட்டுக்கார ஆச்சி மெட்ராஸில் மகனோடு இருந்தார். முன்கதவுச் சாவியும் அவரோடு மெட்ராஸிலேயே இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் காவல் இருந்தால் நல்லது என்று, கடைசியில் இருந்த அடுப்படிக் கட்டை மட்டும் எனக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு ஊரையே கூட்டிச் சமைத்துப் போட்ட இடம். அதில் நானும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்.

என் விசிட்டிங் கார்டைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. அச்சகத்தில் மிச்சமான வழவழப்பான அட்டையில் தங்க நிற மையில் நானே அடித்துக்கொண்டது. முன்வாசல் இருக்கும் பெரிய வீதியின் பெயர், கதவு எண், எல்லாம் ஜம்மென்று இருக்கும். நான் நிஜமாகப் போய்வரும் பின்சந்தின் பெயரை மட்டும் போடவில்லை. போட்டால் கௌரவம் என்னாவது?

அட்டையைப் பார்த்துவிட்டு என் அக்கா சிரித்தாள்.

"படுக்குறது அடுப்படியில. அட்டையில மட்டும் அரண்மனையாக்கும்!"

அக்கா மானகிரியில் வாக்கப்பட்டவள். வயல்வேலை செய்கிறவள். என் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, இனிமேல் வேறொன்று வைத்தால்தான் உண்டு என்று டாக்டர்கள் கையை விரித்தபோது, அவளுடையதில் ஒன்றை எடுத்துத்தான் எனக்கு வைத்தார்கள். மச்சானுக்கு அதில் சம்மதமே இல்லை. "இருக்குறதுல பாதிய அவனுக்குக் குடுத்துட்டு, நாளைக்கு எப்புடி நீ குனிஞ்சு களை எடுப்ப?" என்று சத்தம் போட்டார். அக்கா மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்து நாங்கள் முதல்தடவை பார்த்துக்கொண்டபோது, "ஏக்கா, உன் கிட்னி வந்ததுலேருந்து எனக்குக் களை எடுக்கப் போகணும்போலயே இருக்கு" என்றேன். வயிற்றுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதடா, பிரிஞ்சுரும்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே கடமை, வேளை தவறாமல் மாத்திரை போடுவது. புதிதாக வந்த உறுப்பைப் பார்த்து உடம்பு, "யாருடா நீ?" என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம். "நம்ம ஆளுதான், விடுப்பா" என்று மாத்திரை சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமாம். டாக்டர் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அந்த மாத்திரை காரைக்குடியில் கிடையாது. மதுரையிலும் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். மெட்ராஸில் இருந்த நண்பர் ஒருவர் மாதாமாதம் வாங்கித் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் தபால்காரர் விலாசத்தைப் பார்த்துக் கொடுக்கிறவர் இல்லை, ஆளைப் பார்த்துக் கொடுக்கிறவர். சந்து வழியாக வந்து பின்வாசலில் சைக்கிள் மணியை அடிப்பார். அதனால் என் தங்க மை விலாசம் எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கடைவீதியில் கொரியர் ஆபீஸ் திறந்தார்கள். இன்று கொடுத்தால் நாளை கையில் கிடைக்கும் என்று போர்டு. நமக்குத்தான் புதுசாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கவேண்டுமே. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நண்பரைக் கூப்பிட்டு, "இனிமே தபால் வேண்டாங்க, கொரியர்ல போடுங்க, காலம் மாறிப்போச்சு" என்றேன். அவரும் என் கார்டைப் பார்த்து விலாசத்தை அழகாக எழுதி அனுப்பிவிட்டார்.

நாளை என்ற அந்த நாள் வந்தது. மாத்திரை வரவில்லை. கையில் இருந்த மாத்திரை அட்டையும் கடைசி வரிசைக்கு வந்துவிட்டது.

கொரியர் ஆபீஸில் போய் நின்றேன். ஒரு மேஜை, ஒரு போன், மலை மாதிரி சாக்குப்பைகள், நடுவில் ஒரு மனிதர். நான் சொன்னதை முழுசாகக் கேட்காமலே, "வந்துருச்சு சார், டெலிவரிக்குப் போயிருக்கு. நீங்க இங்குட்டு வந்து நின்னுட்டா அங்குட்டு யாரு வாங்குறது? வீட்டுல இருங்க" என்றார். நியாயம்தானே என்று ஓடினேன். பின்வாசலைத் திறந்து போட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். டீக்குக்கூடப் போகவில்லை. பொழுது சாய்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் மறுபடி போனேன். "நேத்து வந்தாகளே, ஆள் இல்லையாம்ல? இன்னைக்குத் திரும்பப் போகும். எங்கேயும் போயிராதீக" என்றார். "நான் வீட்டுலதான்யா இருந்தேன், அந்தப் பார்சலைக் கையில குடுங்க, நானே எடுத்துக்கிறேன்" என்றால், "அது வண்டியில போயிருச்சே சார்" என்றார். அதே ஸ்டூல், அதே வாசல். சந்தில் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். ஒருதடவை ஐஸ்காரர். ஒருதடவை பழைய இரும்பு வாங்குகிறவர். அவர் என்னையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

சொன்னேனே, மடையன் என்று. உடனே மதுரைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கினேன். பந்தியில் கூட்டம் கூடிவிட்டால் ரசத்தில் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பதில்லையா, அந்தக் கணக்கு. பிறகு அந்த ஒரு வேளைக்கும் இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. அன்றைக்கு அக்கா கத்திரிக்காயும் கீரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மாத்திரை வந்ததா என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். அது பொய்யில்லை. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "கட்டையில போறவன், எங்க போயிப் படுத்துக் கிடக்கானோ!" என்று கொரியர்காரரைத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவள் திட்டியதற்கு ரெண்டு வார்த்தை எடுத்தும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை போனபோது, பார்சலைக் கொண்டுவரும் ஆளே அங்கே இருந்தார். என்னைவிட அவருக்குக் கோபம்.

"அந்த வீடா சார்? மூணு நடை வந்துட்டேன். தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. பக்கத்துல கேப்போம்னா அந்த வீதியில ஒரு வீட்டுலயும் ஆள் கெடையாது. எல்லாம் பூட்டு. பேய்க்கா பார்சல் குடுக்க முடியும்? திருப்பி அனுப்பியாச்சு."

"யோவ், நான் உள்ளதான்யா இருந்தேன்!"

"உள்ளன்னா எங்குட்டு இருந்தீக?"

சட்டைப்பையிலிருந்த என் கார்டை எடுத்துப் பார்த்தேன்.

அங்கிருந்து நேரே பெரிய வீதிக்குப் போனேன். அந்த வீட்டில் குடிவந்த பிறகு முன்பக்கம் போய் நின்றது அன்றைக்குத்தான். இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். வெயிலைத் தவிர வீதியில் யாரும் இல்லை. எங்கள் வீட்டு முன்கதவில் தேக்கு தெரியாத அளவுக்குத் தூசி. அந்தத் தூசியில், ஆள் உயரத்துக்கு, ஒரு கையின் தடம். ஐந்து விரலும் பதிந்து, மேலும் கீழுமாக, திரும்பத் திரும்பத் தட்டி அழிந்த தடம். அந்தக் கை இங்கே தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அதே வீட்டின் மறுகோடியில், நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தக் கைக்காகக் காத்திருந்தேன்.

நண்பருக்குப் போன் போட்டு, மெட்ராஸ் ஆபீஸிலேயே பார்சலைப் பிடித்து, சந்துப் பெயரோடு பின்வாசல் என்று எழுதித் திரும்ப அனுப்பச் சொன்னேன். வேறு மாத்திரை வாங்கி ராத்திரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் பதறினார். அந்த பஸ் வந்து சேரும்வரை என் உடம்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சல். முகம் ஊதி, கால் வீங்கி, மச்சான்தான் வாடகைக் காரில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கிருந்து மெட்ராஸ். ஊசி மேல் ஊசி போட்டுப் பார்த்தார்கள். "யாருடா நீ?" என்று உடம்பு கேட்டபோது சமாதானம் சொல்ல அங்கே யாரும் இல்லாமல் போயிருந்தது. அக்கா கொடுத்தது நின்றுவிட்டது.

மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊருக்குப் போனதும் அந்தக் கொரியர்காரனை என்ன பண்றேன் பாரு" என்று பல்லைக் கடித்தார். "விடுங்க மச்சான், பாவம்" என்றேன். அதை என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள். அக்கா என் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். அச்சகத்துக்குப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் விலாசம் சரிதானா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்து, "கல்யாணம் உங்களுக்கா எங்களுக்கா?" என்று கேலி செய்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். எதையும் சிரிக்கவைத்தே கடந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கை போன இடம் எது என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அக்கா என்னோடு தங்கிப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் அவள் பின்வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே கட்டிலில். சந்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது.

"சார்! இங்குட்டுத்தான் இருக்கீகளா?"

அதே ஆள். கையில் அந்தப் பார்சல். எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்தது. அக்கா விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? எந் தம்பி உசுரோட வெளையாடிட்டு இப்ப வந்து நிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

அவர் மிரண்டுபோனார். "அக்கா, கோவிச்சுக்கிறாதீக. நான் வராம இருக்கலக்கா. மூணு நடை வந்து முன்கதவுல தட்டுனேன். விலாசம் அங்குட்டுத்தான் போட்டிருந்துச்சு, சாரைக் கேட்டுப் பாருங்க. இப்பப் பாருங்க, 'பின்வாசல்'னு எழுதியிருக்கு, நேரா வந்துட்டேன்ல?" அதை அவர் பெருமையாகவே சொன்னார். பாவம், மாத்திரைக்கு இனி வேலையில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? என்னிடம் கையெழுத்து வாங்கும்போது, "உடம்பு கிடம்பு சரியில்லையா சார், எளச்சுட்டீகளே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அக்கா பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த விலாசத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். நண்பரின் கையெழுத்தில், பழைய விலாசம் கோடு போட்டு அடிக்கப்பட்டு, அதன் மேலே புதிதாக எழுதியிருந்தது. விரல் 'பின்வாசல்' என்ற வார்த்தையில் வந்து நின்றது.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். "பாத்தியாக்கா, கொரியர்னா கொரியர்தான். இம்புட்டுத் தூரம் சுத்தியும் கவர் கசங்கவே இல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பார்சலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திரும்பிப் போய்க் கீரையின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தண்டைக் கையில் எடுத்தாள், ஆயவில்லை.

"நான் வேணும்னு பண்ணலக்கா" என்றேன்.

"ஒத்த வார்த்தைதானேடா."